அந்த வாரத்துக்கு வந்த பகுதி

எங்கள் தொழிற்சாலையில் துணியில் பிழை பார்க்கிற மேசை ஒன்று இருந்தது. அடியில் விளக்குப் போட்ட கண்ணாடி மேசை. பின்னி வந்த துணி அதன்மேல் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தால் அந்த இடத்தால் வெளிச்சம் குத்திக்கொண்டு மேலே வரும். உடனே மேசையை நிறுத்தி, துணியின் ஓரத்தில் ஒரு சிவப்பு நூலை முடிந்துவிட்டு மறுபடி ஓடவிட வேண்டும். அந்த மேசையில் வேலை செய்தவள் போலந்து நாட்டு யூதப் பெண். நாற்பது வயது இருக்கும், என்னைவிட நாலைந்து வயது கூட. அறுபதுகளின் முடிவில் அவளுடைய நாடு யூதர்களை நெருக்கி வெளியேற்றியபோது தாய் தகப்பனோடு டென்மார்க்குக்கு வந்தவள். கோபன்ஹேகன் துறைமுகத்தில் கட்டியிருந்த ஒரு கப்பலில்தான் முதலில் தங்க வைத்தார்களாம். பிறகு ஒரு டேனிஷ்காரனைக் கட்டிக்கொண்டு எங்கள் தொழிற்சாலை இருந்த இக்காஸ்டுக்கு வந்தாள். கல்யாணம் முறிந்தது, வேலை மிஞ்சியது. தன்னைப் பற்றி அவள் சொல்லுகிறது அவ்வளவுதான்.

நான் சாயப் பகுதியில், பகல் ஷிப்ட். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். புத்தகத்தால் வந்த அறிவு குறைவு, ஆட்களின் வாயிலிருந்து பொறுக்கியது அதிகம். யாராவது நல்லதாக ஒன்று சொல்லிவிட்டால் அதை ஷிப்ட் தாளின் பின்பக்கத்தில் எழுதி மடித்து வைத்துக்கொள்வேன். கதைக்க ஆள் கிடைத்தால் சாப்பாடு வேண்டாம் எனக்கு.

எண்பத்தைந்தாம் ஆண்டு இலையுதிர்காலம். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கன்ரீனில் அவள் கறுத்த ரொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். எழுத்துகள் சதுரம் சதுரமாக இருந்தன. என்ன என்று கேட்டேன். தோரா என்றாள். அதை வருடத்துக்கு அளவாகப் பகுதி பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள், ஒரு கிழமைக்கு ஒரு பகுதி, உலகத்தில் எந்த ஊரில் இருக்கிற யூதரும் அந்தக் கிழமை அதைத்தான் வாசிப்பார்கள் என்று சொன்னாள். முழுதும் முடித்து, திரும்ப முதலிலிருந்து தொடங்கிய நேரம் அது. இக்காஸ்டில் அவளுக்குக் கோயிலும் இல்லை, கூட இருந்து வாசிக்க ஆளும் இல்லை. ஆனபடியால் கன்ரீனில் வாசித்தாள்.

"அவ்வளவு நம்பிக்கையோ உனக்கு?"

"நம்பிக்கை வாறதும் போறதும். வாசிப்பு மட்டும் நிக்கேல்லை."

எங்கள் இரண்டு பேருடைய டேனிஷும் உடைந்த டேனிஷ். அவளுடையது போலந்துப் பக்கம் சாய்ந்து உடைந்தது, என்னுடையது யாழ்ப்பாணப் பக்கம். ஆனபடியால் அவள் பேச்சையும் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். வேறு மாதிரி எனக்கு ஞாபகமும் இல்லை.

அந்தக் கிழமை, பெருவெள்ளத்துக்குத் தப்பப் பேழை கட்டிய நோவாவின் கதை. எனக்கு அது ஞாயிறு பள்ளியில் படம் பார்த்துப் படித்த கதை என்றதும் அவள் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"உனக்கு எப்பிடி நோவாவைத் தெரியும்?"

"எங்கட ஊர் நோவாவுக்கு மீசை இருக்கு" என்றேன்.

சிரித்துவிட்டு, ஒரு கேள்வி கேட்டாள். பேழைக்குள் ஒரு வருடம் கிட்ட இருந்தார்களே, அத்தனை மிருகங்களோடு. யார் சாணி அள்ளியது? அதை யோசித்துப் பார்த்தால்தான் அந்தக் கதை வீட்டுக்குள் வரும் என்றாள்.

அந்தக் கேள்வியை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். நாங்கள் நாலு ஆம்பிளைகள் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருந்த காலம். சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். நான் பெந்தெகொஸ்தே. போதகர் மாதத்துக்கு ஒருமுறை டோஸ்ட்ருப்பில் இருந்து ரயில் ஏறி வருவார். மற்றச் சனிக்கிழமைகளில் வாயுள்ளவன் என்பதால் நான்தான் பேசுவேன். பன்னிரண்டு பதினைந்து பேர் வருவார்கள். பாதிப் பேர் சைவ சமயக்காரர், ஜெபத்துக்குப் பிறகு வருகிற சோற்றுக்கும் கதைக்கும் வருகிறவர்கள். அதை நாங்களும் மறைக்கவில்லை, அவர்களும் மறைக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை நான் பேழைக்குள் கிடந்த சாணியைப் பற்றிப் பேசினேன். அடுத்த நாள் கழிவறைக் கதவில் யார் எந்தக் கிழமை கழுவுவது என்று ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. வேத வசனம் அப்படி உடனே வேலை செய்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. வெள்ளிக்கிழமை அவளிடம் வாங்குவேன், சனிக்கிழமை எங்கள் ஆட்களுக்குக் கொடுப்பேன். ஆபிரகாமிடம் மூன்று பேர் விருந்தாளியாய் வந்த கிழமை, "கவனிச்சியோ, ஒரு துண்டு அப்பம் தாறன் எண்டுதான் சொல்லுறார். சொல்லிப்போட்டு ஓடிப்போய்க் கன்றுக்குட்டியைச் சமைப்பிக்கிறார்" என்றாள். அதை நான் சொன்னபோது பின்னால் இருந்து ஒருவர், "எங்களுக்குப் போன கிழமை கோழி எண்டு சொல்லிப்போட்டுப் பருப்புத்தானே வந்தது" என்றார். சமைத்தவன் அகப்பையோடு எழும்பி வந்தான். கன்ரீனில் டேனிஷ் பெண்கள் எங்கள் மேசையைக் கடக்கும்போது, "இரண்டு பாதிரிமாருக்கும் கோப்பி ஊத்தட்டோ" என்று பகிடி பண்ணினார்கள். நல்ல நாட்கள் என்று சொல்ல முடியாது, ஊரில் நடப்பது அப்படி. ஆனாலும் வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் அறையில் என்னோடு இருந்தவன் என்னைவிட ஐந்து வயது இளையவன், சைவக்காரன். அதே தொழிற்சாலையில் பின்னேர ஷிப்ட். ஜெபக்கூட்டத்தில் சப்பாத்துகள் கழற்றி வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், கதவோடு சாய்ந்து இருப்பான். எதைக் கேட்டாலும் இரண்டு சொல்லில் பதில். அவனுடைய தகப்பன் இறந்துவிட்டார். ஊரில் தாயும் ஒரு தம்பியும். தாய் அந்தத் தம்பியைச் சின்னவன் என்று கூப்பிடுவாள், ஆனபடியால் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் அவன் சின்னவன்தான். அந்த வருடம் ஆடி மாதம் ஒரு சுற்றிவளைப்பில் ஆமி சின்னவனைப் பிடித்துக்கொண்டு போனது. திங்கட்கிழமை தோறும் தாய் முகாம் வாசலில் போய் நிற்பாள். இருக்கிறான் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

தாயை டென்மார்க்குக்கு எடுக்க என் அறைத்தோழனுக்கு அனுமதி கிடைத்திருந்தது. அறுபது கடந்த தாய் தகப்பனை எடுக்கலாம் என்று அப்போது சட்டம் இருந்தது. தாள் மே மாதம் வரை செல்லும். வீடு முகாமிலிருந்து ஷெல் வந்து விழுகிற தூரத்தில் இருந்தது. தாய் கொழும்புக்கு வந்து விமானம் ஏறுவதுதான் பாக்கி. ஏறமாட்டேன் என்றாள். சின்னவன் வரட்டும், வந்தபிறகு பார்ப்பம் என்று கடிதத்துக்குக் கடிதம் அதே வசனம்.

மார்கழி தொடக்கத்தில் ஒரு கடிதம் வந்தது. அதே முகாமில் இருந்து விடுபட்டு மதராசுக்கு ஓடிப்போன ஒருவர் எழுதியிருந்தார். ஒரு நாள் காலையில் யாரையோ சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனதைக் கண்டதாகவும், முகம் தெரியவில்லை, நீலக் கட்டம் போட்ட சாரம் மட்டும் வெளியே தெரிந்தது, உங்கள் தம்பி அப்படி ஒரு சாரம்தான் கட்டியிருந்தவர் என்றும், அதன்பிறகு அவரைக் காணவில்லை என்றும் எழுதியிருந்தது. அம்மாவைக் காக்க வைக்காதீர்கள் என்று கடைசி வரி.

என் அறைத்தோழன் அதை இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். மூன்றாம் நாள் என்னிடம் தந்தான்.

"அம்மாவுக்கு எழுதப்போறன் அண்ணை. சொன்னாத்தான் வெளிக்கிடுவா. சொல்லாட்டி அங்கையே இருப்பா."

நீலத் தபால்தாளில் எழுதி, ஒட்டி, முகவரியும் எழுதினான். தபாலில் போடக் கை வரவில்லை. குளிர்ப்பெட்டிக்கு மேலே வைத்தான். தினமும் வேலைக்குப் போகும்போது அதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவான்.

அந்தக் கிழமை வந்த பகுதி யோசேப்பின் அங்கி. சகோதரர்கள் அவனை விற்றுவிட்டு, அங்கியை ஆட்டு இரத்தத்தில் தோய்த்துத் தகப்பன் யாக்கோபிடம் கொண்டுபோகிற கதை. அவள் கோப்பியைக் கலக்கிக்கொண்டே சொன்னாள்.

"அவங்கள் பொய் சொல்லேல்லை. இது உங்கட மகன்ரை உடுப்போ எண்டு கேட்டவை, அவ்வளவுதான். மிச்சத்தைத் தகப்பன் தானே சொல்லிக்கொண்டார்."

ஒரு உடுப்பைப் பார்த்துவிட்டு ஒருவன் செத்துப்போனான் என்று முடிவு கட்டுகிற கதை. நீலக் கட்டச் சாரம் ஒட்டிய கடிதத்துக்குள் குளிர்ப்பெட்டிக்கு மேலே இருக்கிறது.

"பிறகு அவருக்கு ஆறுதலே வரேல்லை, இல்லையோ?" என்று கேட்டேன்.

"வரேல்லை. பழைய ஆக்கள் அதுக்கு ஒரு விளக்கம் சொல்லுறவை. செத்த ஆளைக் கொஞ்சம் கொஞ்சமா மனம் விட்டுப்போடும். உயிரோட இருக்கிற ஆளைச் செத்ததெண்டு நினைச்சாலும் மனம் விடாது. யாக்கோபுக்கு ஆறாமல் இருந்தது அதாலையாம்."

நான் இரண்டு மூன்று முறை அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஏன் இவ்வளவு கேட்கிறாய் என்றாள். சும்மா என்றேன். என் அறைத்தோழனைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. வீட்டுத் துக்கத்தை வெளியில் சொல்லக் கூடாது என்றா, அல்லது அவள் ஏதாவது சொல்லி என் கையிலிருந்து அந்த விளக்கத்தைப் பிடுங்கிவிடுவாள் என்றா, இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

இங்கே எங்கள் ஆட்களின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். புதுவருட ஆராதனையில் ஒரு தட்டில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். கையில் வந்தது அந்த வருடத்துக்கு ஆண்டவர் உனக்கென்றே தந்த வாக்குத்தத்தம். பிள்ளை இல்லாதவளின் கையில் பிள்ளை என்று வந்தால் சபையே கண்ணீர் விடும். பிள்ளை பிறக்காவிட்டால் அடுத்த வருடம் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை, புது அட்டை வந்துவிடும். நான் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவன். ஒரு வசனம் கண் முன்னால் வந்தால், யாருக்கு வந்தது என்றுதான் என் மனம் முதலில் கேட்கும். அந்த யூதப் பெண் கிழமைக்குக் கிழமை வாசித்ததையும் நான் அதே தட்டில் வைத்துப் பார்த்தேன். கடிதம் வந்த கிழமையிலேயே அங்கி வந்ததென்றால், அது சும்மா வருமா?

இரண்டு கிழமை கழித்து, நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை, அந்தக் கதையின் மற்ற முனை வந்தது. மகன்கள் எகிப்திலிருந்து திரும்பி வந்து தகப்பனிடம், யோசேப்பு உயிரோடு இருக்கிறான் என்று சொல்கிற இடம். கிழவனுக்கு நெஞ்சு மரத்துப்போகிறது, நம்பவில்லை. பிறகு மகன் அனுப்பிய வண்டிகளைக் கண்ணால் கண்டதும் உயிர் திரும்புகிறது.

அன்றைக்கு எங்கள் வீடு நிறைய ஆட்கள். வெளியில் நாலு மணிக்கே இருட்டு. நான் நன்றாகப் பேசினேன் என்று எல்லோரும் சொன்னார்கள். உடுப்பைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள் என்றேன். ஆறாத மனம் பொய் சொல்லாது என்றேன். எல்லோருக்கும் சொல்வதுபோல, கதவோடு சாய்ந்திருந்த ஒருவனைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். ஒரு பெண் அழுதாள். அழ வைத்த பேச்சு நல்ல பேச்சு என்று நான் நினைத்திருந்த காலம்.

சாப்பாடு முடிந்து ஆட்கள் போனபின் நான் குசினியில் பானையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். என் அறைத்தோழன் வந்து பக்கத்தில் நின்றான்.

"அண்ணை, உது எனக்கோ வந்தது?"

அவனுக்குச் சபையும் தெரியாது, அட்டையும் தெரியாது. வெறுமனே கேட்டான். அவனுடைய முகத்தைப் பார்த்தேன். ஐந்து மாதமாக அந்த முகத்தில் இல்லாத ஒன்று அப்போது அதில் இருந்தது.

"ஓம்" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சின்னப் பிரசங்கம் அதுதான்.

அவன் குளிர்ப்பெட்டிக்கு மேலே இருந்த நீலத்தாளை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பைக்குள் போட்டான். உருளைக்கிழங்குத் தோலுக்கு மேலே அது கிடந்தது. அன்றைக்கே இருந்து வேறு ஒன்று எழுதினான். தம்பி இருக்கிறான் அம்மா, எங்களுக்கு ஒரு சொல் கிடைச்சிருக்கு என்று எழுதியதாக அவனே வாசித்துக் காட்டினான். மறுநாள் காலை நடந்து போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, இரண்டு முட்டை பொரித்து, எனக்கும் ஒன்று வைத்தான்.

நத்தார் விடுமுறை முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை நான் அவளிடம் போய்ப் பெருமையாகத்தான் சொன்னேன். அவள் பிழை மேசையில் இருந்தாள், மதிய மணி அடிக்க இன்னும் சில நிமிடங்கள். உன்னுடைய பகுதி எங்கள் வீட்டில் ஒரு உயிரைத் தூக்கி நிறுத்தியது என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். சாரத்தைப் பற்றிச் சொல்லும்போதே அவள் மேசையை நிறுத்திவிட்டாள். துணியில் பிழை எதுவும் இல்லை.

"தாய் எங்கை இருக்கிறா?"

"முகாமுக்குக் கிட்ட."

"நீ அவனுக்கு என்ன சொன்னனி?"

"நான் என்ன சொன்னது? பகுதி சொன்னது."

"பகுதி உனக்கு ஒண்டும் சொல்லாது. போன வருசமும் அந்தக் கிழமை அதுதான் வந்தது, வாற வருசமும் அதுதான் வரும். உன்ரை சிநேகிதன்ரை தம்பி இருந்தாலும் வரும், இல்லாட்டியும் வரும். அது எங்களைத் தேடி வாறேல்லை. நாங்கள்தான் அதிட்டைப் போறது."

நான் அந்த விளக்கத்தை, ஆறாத மனத்தைப் பற்றி அவளே சொன்னதை, ஞாபகப்படுத்தினேன். அவள் கையைத் துணியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ரை அம்மா சண்டையிலை காணாமல்போன தன்ரை தமையனுக்காக இருபது வருசம் கதவைப் பூட்டாமல் படுத்தவ. மனம் ஆறேல்லை, அப்ப அவர் உயிரோட இருக்கிறார் எண்டு. எங்கட தெருவிலை ஆறாத ஆக்கள் எத்தினை பேர். யாக்கோபு ஒருத்தருக்குத்தான் பிள்ளை திரும்பி வந்தது."

"அதை ஏன் அண்டைக்கு எனக்குச் சொல்லேல்லை?"

"நீ ஏன் அண்டைக்கு உன்ரை சிநேகிதனைப் பற்றிச் சொல்லேல்லை?"

மணி அடித்தது. இருவரும் கன்ரீனுக்குப் போகவில்லை.

"போய்த் திருத்து. இண்டைக்கே போ" என்றாள்.

நான் போகவில்லை. அதுதான் இதில் மோசமான பகுதி. தெரியாமல் சொன்னது ஒரு பிழை, தெரிந்த பிறகு சும்மா இருந்தது வேறு. அவன் சாப்பிடத் தொடங்கியிருந்தான். குளிக்கும்போது பாட்டு முணுமுணுத்தான். ஹேர்னிங்குக்குப் போய்த் தம்பிக்கு என்று ஒரு குளிர்ச் சட்டை வாங்கி வந்தான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அடுத்த கிழமை சொல்வோம் என்றேன். அடுத்த கிழமை வேறு பகுதி வந்தது. அதிலும் சொல்ல ஏதோ இருந்தது, ஆட்களுக்கு அது பிடித்தும் இருந்தது.

மாசி மாதம் தாயின் கடிதம் வந்தது. அவன் அதை எல்லோருக்கும் உரக்க வாசித்தான். "நீ எழுதின பிறகு நான் முகாம் வாசலிலை அழுகிறேல்லை. மற்றத் தாய்மாருக்கும் சொல்லியிருக்கிறன். சின்னவன்ரை உடுப்பெல்லாம் தோய்ச்சு மடிச்சு வைச்சிருக்கிறன். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தால் அவன் வந்து எங்கை போவான்? நீ யோசியாதை."

வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் கடிதத்தை வாங்கி, மற்றத் தாய்மாருக்கும் என்ற இடத்தை மறுபடி வாசித்தேன். அன்றைக்கு அவனைத் தனியே கூப்பிட்டேன்.

"தம்பி, எதுக்கும் அம்மாவை வரச்சொல்லி எழுதன். சின்னவன் வந்தால் சொந்தக்காரர் ஆரும் பாப்பினம்தானே."

"நீங்கள்தானே அண்ணை சொன்னியள். இன்னும் கொஞ்சம் பாப்பம். மே வரைக்கும் தாள் இருக்கு."

மே வரைக்கும் தாள் இருக்கிறது என்று நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஈஸ்டர் விடுமுறை முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், ஷிப்ட் மாறுகிற நேரம், உடுப்பு மாற்றுகிற அறையில் நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கையில் எப்போதும் கொஞ்சம் சாயம் மிஞ்சும், அன்றைக்குப் பச்சை. அவன் வேலை உடுப்போடு வந்து ஒரு தந்தியை நீட்டினான்.

"வாசியுங்கோ அண்ணை."

ஊரிலிருந்து மச்சான் ஒருவன் அனுப்பியது. வீட்டின்மேல் ஷெல் விழுந்தது, அம்மா காலமானார், அன்றே எரித்தாயிற்று. அவ்வளவுதான். நான் நிமிர்வதற்குள் அவன் தந்தியை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வேலை நேர அட்டையை அடித்து உள்ளே போனான். இரவு பதினொரு மணி வரை முழு ஷிப்டும் நின்று செய்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவளிடம் சொன்னேன். அவள் சின்னப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

"இந்தக் கிழமை என்ன?" என்று நானே கேட்டேன்.

"ஆரோன்."

எனக்கு அது தெரியும். ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதே அவனுடைய மகன்களில் இரண்டு பேரை நெருப்பு எடுத்துவிடுகிறது. ஆரோன் யார் என்றால், திக்குவாய்த் தம்பிக்காக ராஜாவின் முன்னால் போய்ப் பேசிய ஆள். குடும்பத்தில் அவன்தான் வாய். அவன் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறது. இதில் எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்க வாய் எடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவன் சாப்பிடுறானோ?"

ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவித்த பயறும் அவித்த முட்டையும் ஒரு பாத்திரத்தில் கொண்டு வந்து மேசையில் வைத்தாள். அவனுக்கு எதிரே கதிரையில் இருந்தாள். வணக்கம் சொல்லவில்லை, கை கொடுக்கவில்லை, ஒரு சொல் பேசவில்லை. ஒரு மணித்தியாலம் அப்படியே இருந்தாள். எனக்கு நாக்கு துடித்தது. தேத்தண்ணி போடட்டோ என்றுகூடக் கேட்க முடியாதபடி இருந்தது அந்த இருப்பு. பிறகு எழும்பி, கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அவன் முட்டையை ஒதுக்கிவிட்டுப் பயறைச் சாப்பிட்டான். துக்கத்துக்குச் சைவம்.

"அந்த மனிசி ஏன் ஒண்டும் கதைக்கேல்லை?"

"அவையின்ரை வழக்கம். துக்க வீட்டுக்காரர் கதைக்கிற வரைக்கும் வந்தவை வாய் திறக்கிறேல்லையாம்."

"நல்ல வழக்கம்" என்றான். தந்தி வந்த பிறகு அவன் என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

ஒரு மாதம் ஒரே அறையில் படுத்து எழும்பினோம். சனிக்கிழமைகளில் நான் அந்தக் கிழமைப் பகுதியை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன். என்ன அண்ணை, சுகமில்லையோ என்று கேட்டார்கள். ஓம், கொஞ்சம் தொண்டை என்றேன்.

தாய் செத்த முப்பத்தோராம் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, அவன் கட்டிலில் இருந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே பேசத் தொடங்கினான்.

"அண்ணை, அம்மாவுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யவேணும். தாய்க்கு இளையவன்தான் செய்யிறது. மூத்தவன் தகப்பனுக்கு."

"தெரியும்."

"ஊரிலை கொள்ளி வைச்சது மச்சான். இப்ப நான் செய்தால், சின்னவன் இல்லையெண்டு நானே சொன்ன மாதிரி. செய்யாமல் விட்டால் அம்மா கரை சேராமல் அந்தரிப்பா." கயிற்றை இழுத்து முடிந்தான். "அவன் இருக்கிறானோ, இல்லையோ? நீங்கள் சொல்லுங்கோ."

குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டான். அப்படிக் கேட்டதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"எனக்குத் தெரியாது, தம்பி."

அவன் மற்றக் காலின் கயிற்றையும் கட்டி முடித்தான்.

"அண்டைக்கும் தெரியாதுதானே?"

"ஓம். அண்டைக்கும் தெரியாது."

"அதைச் சொல்லியிருக்கலாம்."

நான் மன்னிப்புக் கேட்க வைத்திருந்த வசனங்கள் எல்லாம், ஒரு மாதமாகப் படுக்கையில் புரண்டு புரண்டு அடுக்கியவை, அந்த ஒரு பேச்சுக்கு முன்னால் ஒன்றுக்கும் ஆகவில்லை. அவன் வேலைக்குப் போனான்.

அந்தியேட்டியை அவனே செய்தான். ஐயர் இல்லை அப்போது. ஹேர்னிங்கில் தேவாரம் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் இருந்தார், அவர் தன் காரிலேயே எங்களை மேற்குக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மணல்மேடு தாண்டிப் போனால் சாம்பல் நிறத்தில் கடல். சித்திரை முடிவு என்றாலும் காற்று காதை அறுத்தது. அவன் சட்டையைக் கழற்றிவிட்டு வேட்டியோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி முழுகினான். வெளியே வந்தபோது உடம்பு முழுதும் சிவந்திருந்தது. வாத்தியார் காற்றுக்கு எதிராகக் கத்திப் பாடினார். பாதி எங்களுக்குக் கேட்கவில்லை.

வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றில் எள்ளைக் கலந்து அவன் ஒரு உருண்டை பிடித்து வாழையிலை இல்லாத குறைக்கு ஒரு வெள்ளித்தாளில் வைத்தான். தாயின் பேரைச் சொன்னான். பிறகு, யாரும் சொல்லாமலே, இரண்டாவது ஒன்றைப் பிடித்து அதற்குப் பக்கத்தில் வைத்தான்.

"இது ஆருக்கு, தம்பி?" என்று வாத்தியார் கேட்டார்.

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் மணலைப் பார்த்தேன். கடற்காகங்கள் மேலே சுற்றிக்கொண்டிருந்தன, இரண்டு ஏற்கெனவே கீழே இறங்கி நடந்து வந்துகொண்டிருந்தன.

அவன் இரண்டாவது உருண்டையை மெல்ல எடுத்து, உடையாமல், சோற்றுப் பாத்திரத்துக்குள் திரும்ப வைத்து மூடியைப் பூட்டினான்.